பழைய தமிழ்ப் புத்தகம் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு: எங்கே போவது, என்ன பார்ப்பது, எவ்வளவு கொடுப்பது

புதுப் புத்தகம் வாங்குவதில் சிக்கல் ஒன்றும் இல்லை. கடைக்குப் போகிறோம், அட்டையில் போட்ட விலையில் பத்து சதவீதம் கழித்துக் கொடுக்கிறோம், வாங்கி வருகிறோம். பழைய புத்தகம் அப்படி இல்லை. ஒரே புத்தகம் ஒரு கடையில் 50 ரூபாய், அடுத்த தெருவில் 500 ரூபாய். முதற் பதிப்பு என்பார்கள், பிரித்துப் பார்த்தால் நாலாவது பதிப்பாக இருக்கும். ஆசையாக வாங்கி வந்ததில் நடுவே பதினாறு பக்கம் காணாமல் போயிருக்கும். அலமாரியில் வைத்த மூன்றாம் மாதம் பக்கத்துப் புத்தகத்துக்கும் பூச்சி பரவியிருக்கும்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்தவர் யாரும் எனக்கு அகப்படவில்லை. கடைக்காரர்கள், பைண்டர்கள், மூத்த வாசகர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததை இங்கே வரிசையாகத் தருகிறேன். படிக்கப் பிடித்தவர்கள், புத்தகச் செலவை மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் வைத்துக்கொள்ள வேண்டியவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. விலை ஏறும் என்று வாங்கி அடுக்க நினைப்பவர்களுக்கு இதில் பெரிய பயன் இருக்காது.

1. முதலில் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்

பழையது எல்லாம் வேண்டும் என்று கிளம்பினால் வீடும் நிறைந்துவிடும், கையும் காலியாகிவிடும். ஒரு வட்டம் இருந்தால் கடையில் குவிந்து கிடக்கும் நூறு புத்தகத்தில் எதை எடுப்பது என்று கண்ணே சொல்லிவிடும். ஒரே ஓர் எழுத்தாளர், ஒரே பதிப்பகம், பயணக் கட்டுரைகள், சமையல் புத்தகங்கள், சிறுவர் நூல்கள், உங்கள் ஊரைப் பற்றிய நூல்கள், எதுவாகவும் இருக்கலாம். சின்ன வட்டமாக இருக்கட்டும். பிறகு பெரிதாக்கிக்கொள்வது சுலபம்.

என்னுடைய வட்டம் பைண்டு செய்த தொடர்கதைகள். வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைப்பது ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் சர்வசாதாரணம். கல்கி, ஆனந்த விகடன், குமுதம் என்று எல்லாவற்றிலிருந்தும் இப்படிக் கிழித்துச் சேர்த்திருக்கிறார்கள். இவற்றின் சிறப்பே ஓவியங்கள்தான். மணியம், கோபுலு, மாருதி, ஜெயராஜ் போன்றவர்கள் அந்தந்த வாரத்துக்கு வரைந்த படங்கள் பின்னால் வந்த புத்தகப் பதிப்புகள் பலவற்றில் இல்லை. கதையை அந்தப் படங்களோடு, வாரம் முடியும் இடத்தில் ‘தொடரும்’ என்று நின்று நின்று படிப்பது வேறு அனுபவம்.

என்னிடம் உள்ள ஒரு தொகுப்பில் ஒவ்வொரு வாரத்துப் பக்கத்தின் மேல் மூலையிலும் அந்த வீட்டுப் பெண்மணி மசிப் பேனாவால் தேதி குறித்திருக்கிறார். ஒரு வாரம் இதழ் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த அத்தியாயம் முழுவதையும் கோடு போட்ட தாளில் கையால் எழுதி, அதே இடத்தில் வைத்துத் தைக்கச் செய்திருக்கிறார். யாரிடமோ இதழை இரவல் வாங்கி உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். எழுத்து ஓரிடத்தில்கூடத் தளரவில்லை. புத்தகம் சேர்ப்பதில் இப்படி ஒன்று கையில் கிடைக்கும் நாளுக்கு ஈடு எதுவும் கிடையாது.

2. வாங்கும் முன் இரவலும் இணையமும்

ஒரு நூலைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமா என்பது படித்த பிறகுதான் தெரியும். அதனால் முதல் வேலையாக உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிடுங்கள். முகவரிச் சான்றாக ஆதார் நகல், ஒரு புகைப்படம், பூர்த்தி செய்த விண்ணப்பம். வைப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்ந்தாலும் ஒரு புது நாவலின் விலை வராது. போகும்போது அசல் ஆவணத்தையும் எடுத்துப் போங்கள், இரண்டாவது நடை மிச்சமாகும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் இன்னொரு வகையில் உதவும். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்கள் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. ஒரு நூலுக்கு எத்தனை பதிப்புகள் வந்தன, எந்த ஆண்டு, எத்தனை பக்கம் என்று சரிபார்க்க அங்குள்ள பட்டியல் நல்ல துணை.

அப்புறம் இணையம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், தன்னார்வலர்கள் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்திலும் ஆயிரக்கணக்கான பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டால் இந்தியாவில் அவர் எழுத்துக்குக் காப்புரிமை இல்லை. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவற்றையும் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், படிக்க மட்டும் வேண்டும் என்றால் இந்த நூல்களுக்கு 150 ரூபாய் மலிவுப் பதிப்பே போதும். பழைய பதிப்புக்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பதாக இருந்தால் அந்தத் தாளும் அச்சும் படமும் உங்களுக்கு வேண்டும் என்ற தெளிவோடு கொடுங்கள்.

3. எங்கே, எப்போது

சென்னையில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை. ஞாயிற்றுக்கிழமை காலை சீக்கிரமே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் போனால் நல்லதை எல்லாம் யாராவது எடுத்திருப்பார்கள். மயிலாப்பூர் லஸ் முனைப் பக்கமும் ஒரு நடை போகலாம். கோவையில் உக்கடம் பழைய புத்தகக் கடைகள். பாடப்புத்தகமும் போட்டித் தேர்வுப் புத்தகமும்தான் முன்னால் அடுக்கியிருக்கும். இலக்கியம் வேண்டும் என்று கேட்டால் உள்ளேயிருந்து கட்டுக் கட்டாக எடுத்துப் போடுவார்கள். கேட்காமல் திரும்பிவிடாதீர்கள்.

புத்தகக் காட்சிகளிலும் பழைய நூல் அரங்குகள் உண்டு. சென்னைக் காட்சி பொங்கலையொட்டி நடக்கும். அந்த நாட்களில் மைதானத்துக்கு வெளியே நடைபாதையிலும் பழைய புத்தகங்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். எனக்கு உள்ளே கிடைத்ததைவிட வெளியே கிடைத்தது அதிகம். கோவையில் ஜூலை, ஈரோட்டில் ஆகஸ்ட். இப்போது மாவட்டந்தோறும் அரசே நடத்துவதால் உங்கள் ஊர் தேதியை விசாரித்து வையுங்கள். வேலைநாள் பிற்பகலில் போனால் கூட்டம் இல்லாமல் நிதானமாகப் பார்க்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் உங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடை. வீட்டில் பெரியவர் காலமாகிவிட்டால், வீடு மாறினால், புத்தகங்கள் முதலில் எடைக்குத்தான் போகின்றன. கடைக்காரரிடம் பேசி வையுங்கள். “அண்ணே, கதைப் புத்தகம், பைண்டு பண்ண பழைய புத்தகம் ஏதாவது வந்தா கிழிக்காம எடுத்து வையுங்க, எடைக்கு நீங்க கொடுத்ததைப் போல ரெண்டு பங்கு தரேன்” என்று சொல்லி, போன் நம்பரை எழுதிக் கொடுங்கள். சொன்ன தொகையைத் தயங்காமல் கொடுங்கள். அடுத்த முறை அவரே கூப்பிடுவார்.

இதற்கும் பருவம் உண்டு. போகிக்கு முந்தைய இரண்டு வாரம் வீடு ஒழிக்கும் காலம், கடையில் தினமும் புதுக் கட்டு வந்து விழும். அடுத்தது ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். பிறகு மே மாதம், பள்ளி விடுமுறையில் வீடு மாறுகிறவர்களால். இந்த மூன்று சமயத்திலும் ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டிப் பாருங்கள்.

4. கையில் எடுத்ததும் என்ன பார்ப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். அட்டையையும் பெயரையும் பார்த்து மயங்காமல், நேராக பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்துக்குப் போங்கள்.

‘முதற் பதிப்பு: 2009’ என்று போட்டிருந்தால் அது அந்தப் பதிப்பகத்தின் முதல் பதிப்பு, அவ்வளவுதான். நாட்டுடைமை ஆன நூல்களுக்கு இப்படி இருபது ‘முதற் பதிப்பு’கள் இருக்கும். உண்மையில் முதலில் வந்தது எப்போது, யார் வெளியிட்டார்கள் என்பதை முன்னுரைகளில் தேடுங்கள். முன்னுரையின் கீழே ஆசிரியர் போட்ட தேதி பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஆண்டே போடாத புத்தகங்களும் உண்டு. அந்தப் பக்கம் கிழிந்து போனவையும் உண்டு. அப்போது காலத்தைக் கணிக்க நான்கு வழிகள்.

முதலாவது விலை. ‘ரூ. 2-8-0’ என்று ரூபாய், அணா, பை என்ற பழைய கணக்கில் போட்டிருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தைய அச்சு. ‘ந.பை.’ என்று நயா பைசா இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். விலை மேல் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தால் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள், அடியில் உள்ள பழைய விலை தெரியும். விற்காமல் தங்கிய பிரதிகளுக்குப் பதிப்பகங்கள் இப்படிப் புது விலை ஒட்டுவது வழக்கம்.

இரண்டாவது முகவரி. இந்தியாவில் ஆறு இலக்கப் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. ‘சென்னை-17’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முன்னால், ‘சென்னை-600 017’ என்று இருந்தால் நிச்சயம் அதற்குப் பின்னால்.

மூன்றாவது எழுத்து. ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை போட்ட பழைய வடிவத்திலும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவத்திலும் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். சில பதிப்பகங்கள் அதன் பிறகும் சில ஆண்டுகள் பழைய எழுத்திலேயே அச்சிட்டன. அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, மற்றதோடு சேர்த்துப் பாருங்கள்.

நான்காவது ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தகங்களுக்குத் தரப்படும் சர்வதேச அடையாள எண். அது பதின்மூன்று இலக்கமாக 978 என்று தொடங்கினால் அந்தப் பிரதி ஏறக்குறைய 2007-ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ அச்சானது. முன்னட்டை எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் சரி.

அடுத்து, பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா? கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. புத்தகங்கள் ஃபாரம் ஃபாரமாக, அதாவது பெரிய தாளில் அச்சிட்டு மடித்த பகுதிகளாக அச்சாகின்றன, பெரும்பாலும் ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம். விட்டுப்போனால் ஒரு ஃபாரமே மொத்தமாக விட்டுப்போகும், அல்லது ஒரே ஃபாரம் இரண்டு முறை வந்திருக்கும். எனவே 17, 33, 49, 65 என்று பதினாறு பதினாறாகத் தாவிப் பாருங்கள். பழைய அச்சில் இந்தப் பக்கங்களின் அடியில் சின்னதாக ஃபாரம் எண்கூட இருக்கும். முந்நூறு பக்கப் புத்தகத்தை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பைண்டு செய்த தொடர்கதை என்றால் அத்தியாய எண்களை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள், கடைசியில் ‘முற்றும்’ இருக்கிறதா என்று பாருங்கள். தீபாவளி சமயத்து வண்ணப் படங்களைத்தான் முதலில் யாராவது கிழித்திருப்பார்கள்.

நகல் எடுத்துப் பழையதுபோல் பைண்டு செய்து விற்பதும் நடக்கிறது. பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஜெராக்ஸ் எழுத்து லேசாக மின்னும். ஈய எழுத்தைக் கோத்து அச்சிட்ட பழைய தாளின் பின்புறம் விரலால் தடவினால் எழுத்தின் அழுத்தம் தட்டுப்படும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு விரலுக்குப் பழக்கிவிட்டால் யாரும் ஏமாற்ற முடியாது.

நூலக முத்திரை இருந்தால் ‘நீக்கம் செய்யப்பட்டது’ என்ற முத்திரையும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் வாங்காதீர்கள், எவ்வளவு அரிய நூலானாலும்.

ஓலைச்சுவடி யாராவது காட்டினால் தனியாக யோசிக்க வேண்டும். 75 ஆண்டுகளைத் தாண்டிய, இலக்கிய வரலாற்று மதிப்புள்ள சுவடி 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்து வாங்குகிறவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள். சுவடி இருக்கும் இடம் தெரிந்தால் ஒரு சுவடி நூலகத்துக்குத் தகவல் சொல்வதே நல்லது.

5. விலை பேசுவது

காலையில் போணி ஆகும் முன் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகராதீர்கள். கடைக்காரருக்கு அது மனவருத்தம், உங்களுக்கும் அடுத்த முறை முகம் கொடுக்க மாட்டார். முதல் ஆளாகப் போனால் இருபது முப்பது ரூபாய்க்காவது ஒன்று எடுத்துப் போணி செய்துவிடுங்கள்.

ஒவ்வொன்றாக விலை கேட்பதைவிட ஆறேழு புத்தகத்தைச் சேர்த்து நீட்டுவது நல்லது. “மொத்தமா எடுக்கிறீங்களா தம்பி? அப்போ பார்த்துப் போட்டுத் தரேன்” என்பார். வேண்டிய அரிய புத்தகத்தை நடுவில் செருகிக் கொடுங்கள். அதைத் தனியாகத் தூக்கிப் பார்த்து முகம் மலர்ந்தால் விலையும் மலர்ந்துவிடும்.

நான் கொடுத்து வருகிற அளவில் சொல்கிறேன். நடைபாதையில் சாதாரண நாவல், சிறுகதைத் தொகுப்பு 30 முதல் 100 ரூபாய். மாத நாவல்கள் 10 முதல் 30. ஓவியங்களோடு முழுமையாக உள்ள பைண்டு தொடர்கதை 300-இல் தொடங்கி, ஓவியரையும் கதையையும் பொறுத்து 1500 வரை போகும். பழைய காமிக்ஸ் தனி உலகம். அங்கே விலை ஆயிரங்களில் ஓடுகிறது, புதிதாக வருகிறவர்கள் ஒரு வருடம் வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கலாம். சில்லறையாக எடுத்துப் போங்கள். ஜிபே இப்போது எல்லா இடத்திலும் இருந்தாலும், கையில் எண்ணிக் கொடுத்தால் கடைசிப் பத்து இருபதை விட்டுக்கொடுப்பார்கள்.

6. தபாலில் வாங்குவது

பணம் அனுப்பும் முன் ஐந்து படம் கேளுங்கள்: முன்னட்டை, முதுகு, பதிப்பு விவரப் பக்கம், நடுவில் ஏதாவது ஒரு பக்கம், கடைசிப் பக்கம். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். பொதியை எப்படிக் கட்ட வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு ஒரு விற்பனையாளர் அறுபது வருடப் பழைய தொகுப்பு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் போட்டு இறுக்கி, ஐப்பசி மழையில் அனுப்பினார். நான்கு மூலையும் நசுங்கி, சணல் அட்டைக்குள் இறங்கி, ஓரமெல்லாம் ஊறி வந்து சேர்ந்தது. கேட்டதற்கு, தபாலில் அப்படித்தான் வரும் என்று பதில். அதன் பிறகு வாங்கும்போதே எழுதிவிடுகிறேன்: முதலில் பிளாஸ்டிக் உறை, அதன் மேல் இரு பக்கமும் புத்தகத்தைவிட அரை அங்குலம் பெரிய கெட்டி அட்டை, அதன் மேல் பழுப்புத் தாள், கயிறு வேண்டாம். கூடுதலாக முப்பது ரூபாய் ஆகும், நானே கொடுத்துவிடுகிறேன்.

அஞ்சல் துறையில் முன்பு இருந்த புத்தகத் தபால் சேவை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஒரு கிலோ வரை 35, இரண்டு கிலோ வரை 50, அதிகபட்சம் ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று எண்ணை வைத்துப் பார்க்கலாம். பொதியின் மேல் ஞான் போஸ்ட் என்று எழுதியிருக்க வேண்டும், உள்ளே உள்ள நூலில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டும். பத்திரிகைகள் இதில் செல்லாது. தரைவழிப் போக்குவரத்து என்பதால் நாளாகும், அவசரம் என்றால் ஸ்பீடு போஸ்ட். கவுன்டரில் கேட்காவிட்டால் சாதாரண பார்சலில் போட்டுவிடுவார்கள், எனவே விற்பவரிடம் பெயரைச் சொல்லியே அனுப்பச் சொல்லுங்கள்.

7. வீட்டுக்குள் விடும் முன்

புது வரவை நேராக அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். ராமபாணம் போன்ற புத்தகப் பூச்சி, கரையான் எது இருந்தாலும் ஒரே மழைக்காலத்தில் மற்றதற்கும் பரவிவிடும்.

வாசலிலேயே புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். மாவுபோல் தூள் கொட்டினால் உள்ளே பூச்சி இருக்கிறது. காய்ந்த, மெல்லிய பிரஷ்ஷால் ஓரங்களையும் முதுகின் இடுக்கையும் துடையுங்கள். பூஞ்சை படிந்திருந்தால் முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வைத்துத் துடையுங்கள். நேர் வெயிலில் காயவைக்கக் கூடாது, தாள் பழுத்து அட்டை வளைந்துவிடும். நிழலும் காற்றும் போதும்.

பூச்சி இருப்பது உறுதி என்றால் ஃப்ரீசர்தான் வழி. புத்தகம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். காற்றை வெளியேற்றி இரண்டு ஜிப் உறைக்குள் மூடி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு முழு நாள் உறையைப் பிரிக்காதீர்கள், பிரித்தால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். வீட்டில் மீன், கறி வைக்கும் ஃப்ரீசர் என்றால் அம்மாவிடமோ மனைவியிடமோ முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

வாடை போக, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு கிண்ணம் சமையல் சோடாவை வைத்து, பக்கத்தில் புத்தகத்தை விரித்து நிறுத்தி வையுங்கள். ஒரு வாரத்தில் பாதி குறையும்.

அலமாரிக்கு, தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் பயன்படுத்தும் முறையை நானும் பின்பற்றுகிறேன். வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை இவற்றை இடித்து, கொஞ்சம் கற்பூரம் சேர்த்து, துணியில் சின்ன முடிச்சாகக் கட்டி அடுக்குக்கு ஒன்று வைப்பது. நாட்டு மருந்துக் கடையில் எல்லாமே கிடைக்கும். வாசனை மங்கியதும் மாற்றிவிட வேண்டும், ஐப்பசிக்கு முன் ஒருமுறை கட்டாயம். முடிச்சு தாளைத் தொடாமல் மூலையில் இருக்கட்டும்.

செல்லோ டேப்பைத் தொடவே தொடாதீர்கள். சில வருடத்தில் பழுப்புக் கறையாக ஊறி, எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

8. பைண்டிங்

எல்லாவற்றையும் பைண்டு செய்ய வேண்டியதில்லை. முதுகு பிளந்து பக்கம் உதிர்ந்தால் மட்டும் போதும். அசல் அட்டையோடு தாங்குகிற புத்தகத்தை அப்படியே பிளாஸ்டிக் உறை போட்டு வைப்பது மேல்.

பைண்டரிடம் கொடுக்கும்போது நான்கு விஷயத்தைத் தாளில் எழுதி உள்ளே செருகிக் கொடுங்கள். வாயால் சொன்னால் கடைப் பையனுக்குப் போய்ச் சேராது. பசை மட்டும் போடாமல் தையல் போட வேண்டும். ஓரத்தை வெட்டக் கூடாது, வெட்டியே ஆக வேண்டும் என்றால் நூலிழை அளவு மட்டும். அசல் முன்னட்டையையும் பின்னட்டையையும் தூக்கிப் போடாமல் உள்ளே சேர்த்துக் கட்ட வேண்டும். பசையில் மயில்துத்தம் சேர்க்க வேண்டும், வெறும் மைதாப் பசை பூச்சிக்கு விருந்து.

இதில் ஓரம் வெட்டுவதுதான் பெரிய ஆபத்து. மெஷினில் ஒரே வெட்டு, பக்க எண்ணோடு ஓவியத்தின் தலையும் போய்விடும். காலிகோ துணி ஒட்டி, முதுகில் பெயர் போட்டுத் தர இப்போது 150 முதல் 300 ரூபாய் வரை வாங்குகிறார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை பள்ளி, கல்லூரி வேலை குவிந்திருக்கும், அப்போது கொடுத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகஸ்டில் கொடுத்தால் ஒரு வாரத்தில் கைக்கு வரும், வேலையும் நிதானமாக இருக்கும்.

9. அலமாரி

வாடகை வீட்டுக்குக் கழற்றி மாட்டும் ஸ்டீல் ரேக் போதும். தட்டின் ஆழம் பத்து அங்குலம், தட்டுக்குத் தட்டு உயரம் பத்து அங்குலம் இருந்தால் டெம்மி எனப்படும் வழக்கமான அளவுப் புத்தகம் தாராளமாக நிற்கும். சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளியும், தரையிலிருந்து உயர்த்தியும் வையுங்கள். குளியலறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், ஈரம் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். பெரிய தொகுப்புகளைப் படுக்கவைத்து அடுக்கலாம், மற்றவை நிற்கட்டும். வீடு மாறும்போது சின்ன அட்டைப்பெட்டிகளாக வாங்குங்கள். பெரிய பெட்டி நிறையப் புத்தகத்தை ஒருவரால் தூக்க முடியாது, அடியும் பிய்ந்துவிடும்.

10. பதிவேடு

நாற்பது ஐம்பது புத்தகம் சேர்ந்ததும் பட்டியல் போடத் தொடங்கிவிடுங்கள். நூல் பெயர், ஆசிரியர், ஓவியர், பதிப்பகம், பதிப்பும் ஆண்டும், எங்கே எப்போது வாங்கியது, கொடுத்த விலை, குறை ஏதாவது இருந்தால் அது. கைபேசியில் ஓர் எக்செல் தாள் போதும். பார்கோடை வைத்து அடையாளம் காணும் செயலிகள் பழைய தமிழ்ப் புத்தகத்துக்கு உதவாது, பெரும்பாலானவற்றில் பார்கோடே இல்லை. பதிப்பு விவரப் பக்கத்தைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்தால் கடையில் நிற்கும்போது, இது நம்மிடம் இருக்கிறதா, இருப்பது இதைவிட முந்தையதா என்று உடனே பார்த்துவிடலாம்.

நான் ஒரு கூடுதல் கட்டம் வைத்திருக்கிறேன்: உள்ளே என்ன இருந்தது. பழைய புத்தகத்துக்குள் பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, காய்ந்த அரச இலை, ‘திருமண நாளன்று அன்புடன்’ என்று எழுதிய வாழ்த்து எல்லாம் இருக்கும். அவற்றைத் தூக்கி எறியாமல் ஒரு உறையில் போட்டு, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்து, அதே புத்தகத்தோடு வையுங்கள். இலையை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள், தாளில் கறை படியும், பூச்சியும் வரும். மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் இந்தப் பதிவேட்டோடு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

11. இரவலும், பிறகு கொடுத்துவிடுவதும்

படிக்கக் கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். மறுபதிப்பில் கிடைப்பதை யாருக்கும் கொடுப்பேன், பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டு. மறுபடி கிடைக்காததை வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படிக்கச் சொல்வேன், காபியும் கொடுப்பேன். வருத்தப்பட்டவர் யாரும் இல்லை.

சேர்த்ததை என்ன செய்வது என்பதையும் வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், பதிவேடு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்து. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்ததிலிருந்து உருவானது. புதுக்கோட்டை ஞானாலயா ஒரு தம்பதியின் உழைப்பு. இதுபோன்ற இடங்களுக்குக் கொடுக்க நினைத்தால் புத்தகத்தை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்காதீர்கள். பதிவேட்டை முதலில் அனுப்புங்கள். தங்களிடம் இல்லாதவற்றைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள், அவற்றை மட்டும் தனியே கட்டிக் கொடுங்கள். மீதியை உங்கள் கிளை நூலகரிடமோ அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ கேட்டுப் பாருங்கள். எடுத்துக்கொள்ளும்போது நூல்களின் பட்டியலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.